ஏப்ரல் மாதத் தோட்டத்தில் ஐந்து ஈக்கள்: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் (ஹாரோ, லண்டன்)

நீலக்கதவு · ஏப்ரல் 27, மாலை 6:12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் பின்பக்கம் சின்னத் தோட்டம் இருக்கிறது. கொஞ்சம் புல்தரை, ஒரு பேரிக்காய் மரம், வேலியோரம் பிரிம்ரோஸும் மஸ்காரியும், மூலையில் மழைநீர்ப் பீப்பாய், கம்போஸ்ட் பெட்டி. வெயில் எட்டிப் பார்த்ததிலிருந்து விதவிதமான இலையான்கள் வருகின்றன. வீட்டு இலையானைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து படம் போட்டிருக்கிறேன்.

படம் 1: பழுப்பு மயிர், டெடி பொம்மைக்குச் சிறகு முளைத்த மாதிரி. பிரிம்ரோஸுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று ஊசி போன்ற ஒன்றைப் பூவுக்குள் விடுகிறது. மகளுக்கு நான்கு வயது. இது குத்துமா?

படம் 2: பார்த்தால் தேனீ. ஷெட்டுக்குப் பக்கத்தில், என் தலை உயரத்தில், ஒரே இடத்தில் நிற்கிறது. வேறு எது வந்தாலும் துரத்திவிட்டு அதே இடத்துக்கே திரும்புகிறது.

படம் 3: கறுப்பு. கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேரிக்காய் மரத்தைச் சுற்றி மெதுவாகப் பறக்கின்றன, நிறைய.

படம் 4: பளபளக்கும் பச்சை. வெயில் படும் சுவரில் உட்கார்ந்திருந்தது.

படம் 5: இது செத்தது. புல் நுனியில் ஒட்டிக்கொண்டு, சிறகை விரித்தபடி. இரண்டு மூன்று இடங்களில் இப்படியே கண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது மருந்து அடித்திருப்பாரோ?

---

பேரிக்காய்ப்பிரியன் · ஏப்ரல் 27, மாலை 6:40

ஐந்தையும் ஃபோன் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். 1: பாம்பிலியஸ் மேஜர். 2: எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ். 3: பிபியோ மார்சி. 4: லூசிலியா செரிகாட்டா. 5: ஏதோ ஹோவர்ஃப்ளை (அந்தரத்தில் நிற்கும் ஈ வகை). வேலை முடிந்தது :)

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 27, இரவு 9:05

முடியவில்லை, பேரிக்காய். ஒன்றும் மூன்றும் சரி. இரண்டாவதை நான் வேறு பெயரில் சொல்வேன். நான்காவதுக்கு அந்தப் படத்தை வைத்து இனப்பெயர் வரை போகவே முடியாது. ஐந்தாவதில் செத்துப்போன விதம்தான் சுவாரசியம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகள் விஷயம். படம் 1 குத்தாது, கடிக்காது. அந்த ஊசி தேன் குடிக்கும் குழல். பட்டாம்பூச்சியின் குழலைப் போலச் சுருளாது, எப்போதும் நீட்டியபடியே இருக்கும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்குப் பயம்.

பிரிட்டனில் பாம்பிலியஸ் பேரினத்தில் (பீ ஃப்ளை என்பது இவற்றைத்தான்) நான்கு இனங்கள் உண்டு. வசந்தத்தில் தோட்டத்தில் பார்ப்பது பெரும்பாலும் இந்த மேஜர்தான். மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை பறக்கும். அடையாளம் சிறகில் இருக்கிறது: முன் விளிம்பு முழுக்கக் கரும்பழுப்பு, பின்பாதி கண்ணாடி, நடுவில் வளைந்து வளைந்து போகும் கோடு. உங்கள் படத்தில் அது அச்சடித்ததுபோல் தெரிகிறது. சிறகில் தனித்தனிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பாம்பிலியஸ் டிஸ்கலர். அதுவும் தென் இங்கிலாந்தில் உண்டு, வசந்தத்திலேயே பறக்கும். எனவே "பீ ஃப்ளை" என்றதும் மேஜர் என்று எழுதிவிடாமல் சிறகை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பறக்கும்போது எடுத்த படத்தில் சிறகு கலங்கிப்போகும். உட்காரும் வரை காத்திருங்கள்.

இதைத் தேனீ இல்லை என்று எப்படிச் சொல்கிறோம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஈக்கு ஒரே ஜோடிச் சிறகு. பின்ஜோடி சுருங்கிக் குண்டூசித் தலை அளவில் ஒரு உறுப்பாகிவிட்டது, பறக்கும்போது சமநிலை காக்க உதவுகிறது. தேனீ, குளவிகளுக்கு இரண்டு ஜோடி. ஆனால் தேனீயின் முன், பின் சிறகுகள் கொக்கிகளால் பிணைந்திருப்பதால் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் உணர்கொம்பைப் பாருங்கள். தேனீக்கு நீளமாக, முழங்கை மடங்கியதுபோல் இருக்கும். இந்த வகை ஈக்களுக்குக் குட்டை, சிலவற்றில் இருப்பதே தெரியாது.

மற்றவை நாளை.

---

லெஸ்டர்_அக்கா · ஏப்ரல் 28, காலை 7:50

நீலக்கதவு தம்பி, படம் 1 என் அலாட்மெண்டிலும் (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) இருக்கிறது. பெண் பூச்சி வெறும் மண்ணில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அது என்ன கூத்து என்று இவ்வளவு காலமாக எனக்கு விளங்கவில்லை. சிறகுநரம்பு சொல்லட்டும்.

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 28, மதியம் 1:15

அக்கா, அது மண் அள்ளுகிறது. வயிற்று நுனியில் ஒரு சின்னப் பை உண்டு. அதில் மணலையோ தூசியையோ நிரப்பிக்கொண்டு முட்டைகளின் மேல் பூசும். அப்புறம் மண்ணில் கூடு கட்டும் தனித்தேனீக்களின் வாசலைத் தேடிப் போய், அந்தரத்தில் நின்றபடியே வயிற்றை உதறி முட்டையை உள்ளே எறியும். மண் பூசிய முட்டைக்கு எடை கூடுவதால் குறி தப்பாது என்பது ஒரு விளக்கம். வெளிவரும் புழு தேனீயின் அறைக்குள் போய், தேனீப் புழு நன்றாக வளரும் வரை காத்திருந்து அதைத் தின்னும்.

உங்கள் இருவர் புல்தரையிலும் சின்னச் சின்ன மண் மேடு, நடுவில் பென்சில் அளவு ஓட்டை தெரிகிறதா? செம்பட்டை மயிர் அடர்ந்த ஆண்ட்ரெனா ஃபுல்வா தேனீ இதே பருவத்தில் அப்படித்தான் கூடு போடும். அதைப் போன்ற ஆண்ட்ரெனாக்கள்தான் இந்த ஈயின் இலக்கு.

---

லெஸ்டர்_அக்கா · ஏப்ரல் 28, மதியம் 1:32

அடப்பாவி! பார்க்க அவ்வளவு சாதுவாக இருக்கிறது. தேனீக்கு ஆபத்தென்றால் விரட்ட வேண்டாமா?

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 28, மதியம் 1:50

வேண்டாம் அக்கா. தேனீக் கூடுகள் நிறைய இருக்கும் இடத்தில்தான் இது பிழைக்க முடியும். உங்கள் அலாட்மெண்டில் இது இருக்கிறதென்றால் தேனீயும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனி படம் 2. ஒரே இடத்தில் நின்று காவல் காப்பது ஆண். அந்த இடம் அவனுடையது, பெண் வரும் வரை மற்றவர்களைத் துரத்துவான். எரிஸ்டாலிஸ் பேரினம், அதில் சந்தேகமில்லை: சிறகின் நடுநரம்பு ஒன்று ஆழமாகக் கீழே இறங்கி வளைகிறது. ஆனால் ஆப் சொன்ன டெனாக்ஸ் இல்லை, எரிஸ்டாலிஸ் பெர்டினாக்ஸ்.

காலைப் பாருங்கள். முன்னங்கால், நடுக்கால் இரண்டின் பாதங்களும் வெளிர் மஞ்சள். டெனாக்ஸுக்கு அவை கருமை. டெனாக்ஸின் பின்னங்கால் தடித்து வளைந்து அடர்ந்த மயிரோடு இருக்கும், கண்ணில் கருமயிர்க் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும், முகத்தின் நடுவில் அகலமான கறுப்புப் பட்டை. பெர்டினாக்ஸ் ஆணின் வயிறு நுனி நோக்கிக் கூம்பாகக் குறுகும். நீங்கள் அண்ணாந்து பார்த்து எடுத்ததால் மஞ்சள் பாதங்கள் தப்பாமல் விழுந்திருக்கின்றன. மேலிருந்து எடுத்திருந்தால் நானும் எரிஸ்டாலிஸ் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன்.

---

பேரிக்காய்ப்பிரியன் · ஏப்ரல் 28, மாலை 5:20

ஆப் தொண்ணூறுக்கு மேல் சதவீதம் காட்டியதே ஐயா. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது அது. ஒரு பாதத்தின் நிறத்தை வைத்து மறுக்கிறீர்களே?

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 28, மாலை 6:45

அந்தப் பாதம்தான் இரண்டையும் பிரிக்கிறது. ஆப் மொத்தத் தோற்றத்தை எடை போடுகிறது. தேனீ போன்ற உருவம், வயிற்றில் ஆரஞ்சுத் திட்டு, தோட்டம் என்று எல்லாம் சேர்ந்து டெனாக்ஸ் பக்கம் சாய்கிறது. பீ ஃப்ளை, ஏழு புள்ளி லேடிபேர்ட் போலத் தோற்றத்திலேயே தனியாக நிற்பவற்றை அது நன்றாகவே சொல்லும். பிரிட்டனில் ஈ இனங்கள் ஏறக்குறைய 7,000. அவற்றில் பாதிக்கு மேல் உருப்பெருக்கியின் கீழ் முள்ளையும் மயிரையும் எண்ணினால்தான் பிடிபடும். படத்தில் இல்லாத முள்ளை எந்த ஆப் எண்ணும்?

ஆப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தரும் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த இனத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் உறுப்பு எது என்று தேடுங்கள். அது உங்கள் படத்தில் தெரிந்தால் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் பேரினத்தோடு நில்லுங்கள்.

---

மழைக்குருவி · ஏப்ரல் 28, இரவு 8:10

டெனாக்ஸ் பேச்சு வந்ததால் சின்னதாக ஒரு கிளைக்கதை. லைல்ஸ் கோல்டன் சிரப் டின்னை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பச்சையும் பொன்னிறமும், நடுவில் செத்த சிங்கம், சுற்றிலும் தேனீக்கள். பைபிளில் சிம்சோன் போட்ட விடுகதை அது. செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று பழைய கிரேக்க, ரோமானிய எழுத்துகளிலும் வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஸ்டன் சாக்கன் என்ற ஈ ஆய்வாளர் (ரஷ்யத் தூதரகப் பணியில் நியூயார்க்கில் இருந்தவர்) இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அழுகிய நீர்மத்தில் வளர்ந்து வெளியே வந்தவை தேனீக்கள் அல்ல, எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் ஈக்கள். பார்த்தவர்கள் தேனீ என்று நம்பிவிட்டார்கள் என்றார்.

சிங்கத்துக்கு அந்த விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். சிம்சோன் அந்த உடலிலிருந்து தேனையும் அல்லவா எடுத்தார். ஈ தேன் தராது.

---

நீலக்கதவு · ஏப்ரல் 28, இரவு 9:30

ஓம், பாதம் மஞ்சள்தான். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அழுகிய தண்ணீர் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். உரத்துக்காகக் காம்ஃப்ரி இலையை ஊறப்போட்ட வாளியில் வாலுள்ள புழுக்கள் நெளிகின்றன. உடலைவிட வால் நீளம். ஊற்றிவிடலாம் என்று இருந்தேன், மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு திரிகிறா.

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 28, இரவு 9:48

ஊற்ற வேண்டாம்! எரிஸ்டாலிஸின் குழந்தைகள் அவையாகத்தான் இருக்கும். வால் என்று தெரிவது மூச்சுக்குழல், நீட்டிச் சுருக்கக் கூடியது. ஆக்ஸிஜன் இல்லாத சாக்கடை நீரிலும் நுனியை மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு அடியில் மேயும். மயாத்ரோபா ஃபுளோரியா என்ற நெருங்கிய உறவுக்காரனுக்கும் இதே வால் உண்டு, ஆகவே புழுவை வைத்து இனம் சொல்ல மாட்டேன். வாளிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். கூட்டுப்புழுவாக மாற அவை ஏறி வெளியே போய் ஈரமண் தேடும். உரத்தை மேலாக இறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

---

மழைக்குருவி · ஏப்ரல் 29, காலை 10:05

படம் 3 பற்றி யாரும் பேசவில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன்.

புனித மாற்கு திருநாள் ஏப்ரல் 25. அதையொட்டி வெளிவருவதால் அந்தப் பெயரே அதற்கு, அறிவியல் பெயரிலும் மாற்கு இருக்கிறார். மே மாதம் ஹாதார்ன் பூக்கும் வேலிகளில் திரிவதால் தூண்டில் போடுகிறவர்கள் ஹாதார்ன் ஃப்ளை என்பார்கள், அதைப் போலவே செயற்கை ஈ கட்டி ட்ரௌட் பிடிப்பார்கள்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாகப் பார்த்தால் இரண்டு இனம் என்றே தோன்றும். ஆணுக்குத் தலை முழுக்கக் கண், சிறகு தெளிவு. பெண்ணுக்குத் தலை சின்னது, கண் ஓரத்தில் ஒட்டியிருக்கும், சிறகு புகை படிந்த கருமை. ஆணின் கண் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிந்திருக்கும். மேல்பாதி வானத்தின் எதிரே பறக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்க. காற்றில் தொங்குகிறவை பெரும்பாலும் ஆண்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டைலோஃபஸ் ஃபெப்ரிலிஸ் என்று இதே கறுப்பில் ஒன்று, அளவில் பாதிதான். முன்னங்காலின் நுனியில் முட்கள் வட்டமாகச் சுற்றி இருந்தால் டைலோஃபஸ், ஒரே ஒரு பெரிய முள் என்றால் பிபியோ. நீலக்கதவு, உங்கள் ஈயின் நீளம் என்ன?

---

நீலக்கதவு · ஏப்ரல் 29, மதியம் 12:20

ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். பேரிக்காய் இலையில் உட்கார்ந்ததைப் படம் எடுத்திருக்கிறேன், முன்னங்கால் தெரிகிறது. ஒற்றை முள். மரத்துக்குக் கெடுதலா?

---

மழைக்குருவி · ஏப்ரல் 29, மதியம் 12:41

அப்படியென்றால் மார்சிதான். பூச்சி மரத்துக்கு ஒன்றும் செய்யாது, பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் சுமப்பதால் நன்மையே. புழு மண்ணுக்குள் மக்கியதையும் கொஞ்சம் புல் வேரையும் தின்னும். ஒரு வாரம் பத்து நாளில் கூட்டம் காணாமல் போய்விடும்.

---

மருதவேள்_கோவை · ஏப்ரல் 29, மாலை 4:30

நான் கோவைக்காரன், நண்பர் இந்த இழையை அனுப்பினார். எங்கள் கொத்தமல்லி பூத்தால் வயிற்றில் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட சின்ன சிர்ஃபிட் ஈக்கள் வந்து நிற்கும். வேளாண் அலுவலர்கள் அசுவினியைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சி என்பார்கள். அங்கே இருப்பதும் இதே குடும்பமா?

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 29, மாலை 6:00

அதே குடும்பம்தான் மருதவேள். ஹோவர்ஃப்ளை என்று நாங்கள் சொல்வதும் சிர்ஃபிட் என்று நீங்கள் சொல்வதும் சிர்ஃபிடே. எல்லாம் அசுவினி தின்பதில்லை. மேலே பார்த்த எரிஸ்டாலிஸின் புழு அழுகல் தின்பது. பட்டை போட்ட சின்னவற்றில் பெரும்பாலானவற்றின் புழுக்கள்தான் அசுவினி வேட்டைக்காரர்கள். எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ் என்ற இனம் இங்கும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. ஒவ்வொரு ஆரஞ்சுப் பட்டையிலும் ஒரு தடித்த கருங்கோடும் ஒரு மெல்லிய கருங்கோடும், மீசை வைத்ததுபோல். ஆனால் உங்கள் ஊரில் அதே பேரினத்தில் அதைப் போலவே தெரியும் வேறு இனங்களும் உண்டு. பிரிட்டனுக்கு எழுதிய அடையாளக் குறிப்பை வைத்துக் கோவை ஈக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

குடும்பத்தை உறுதி செய்ய எந்த ஊருக்கும் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. சிறகின் நடுவில் இரண்டு நரம்புகளுக்கு இடையே, எதோடும் சேராமல் நீளவாக்கில் ஒரு மங்கிய கோடு ஓடும். அது நரம்பே அல்ல, சிறகில் விழுந்த மடிப்பு. பொய் நரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிறகின் வெளிவிளிம்பை ஒட்டி நரம்புகள் சேர்ந்து இன்னொரு விளிம்பு போட்டது போல் இருக்கும். இரண்டும் இருந்தால் சிர்ஃபிடே. பிரிட்டனில் மட்டும் சுமார் 280 இனம், அதனால் அங்கிருந்து மேலே போக முகம், கால், மயிர் எல்லாம் வேண்டும்.

---

பேரிக்காய்ப்பிரியன் · ஏப்ரல் 30, காலை 8:15

சரி, படம் 4 க்கு வாருங்கள். பச்சை ஈ, பளபளப்பு. லூசிலியா செரிகாட்டா இல்லாமல் வேறென்ன? குப்பைத் தொட்டியில் நாம் தினமும் பார்ப்பதுதானே.

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 30, மாலை 7:20

இதற்குத்தான் காத்திருந்தேன். பளபளக்கும் பச்சை என்பது அடையாளமே இல்லை. குறைந்தது மூன்று குடும்பங்களில் பச்சை ஈ உண்டு.

லூசிலியா ப்ளோஃப்ளை (ஊது ஈ) குடும்பம். அதன் மார்பின் பக்கவாட்டில், பின்னங்காலுக்கு மேலே, செங்குத்தாக ஒரு வரிசை முட்கள் இருக்கும். வீட்டு ஈக் குடும்பத்திலும் பச்சை ஈக்கள் உண்டு: நியோமியா, யூடாசிஃபோரா. அவற்றுக்கு அந்த முள் வரிசை கிடையாது. யூடாசிஃபோரா சயனெல்லா குளிர்காலத்தை முழு வளர்ச்சியடைந்த ஈயாகவே கழிப்பதால் வெயில் பட்டதும் சுவரிலும் ஐவி இலையிலும் முதலில் வந்து உட்காரும் பச்சை ஈ பல சமயம் அதுவே. மூன்றாவது டகினிட் குடும்பம். ஜிம்னோகீட்டா விரிடிஸ் என்று உடம்பெல்லாம் நட்டுக்கொண்ட முட்களோடு ஏப்ரலில் மரத்தண்டில் வெயில் காயும்.

படத்தில் பார்க்க எளிதானது சிறகு. நுனிக்கு அருகே ஒரு நரம்பு முன்நோக்கி மடங்கும். லூசிலியாவில் அந்த மடிப்பு சட்டென்று, கோணமாக இருக்கும். யூடாசிஃபோராவில் மெதுவாக வளையும். நீலக்கதவின் படத்தில் சிறகு பாதி மங்கல், ஆனால் தெரிகிற அளவில் மெதுவான வளைவுதான். மார்பின் முன்பக்கம் இரண்டு கருங்கோடுகளும் லேசாகத் தெரிகின்றன. என் சாய்வு யூடாசிஃபோரா. பதிவில் எழுதும் அளவுக்கு இல்லை. பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும்.

லூசிலியாவாகவே இருந்தாலும் செரிகாட்டா என்று எழுத, சிறகு மார்போடு சேரும் இடத்தில் உள்ள சின்னத் தகட்டின் நிறம் தெரிய வேண்டும். வெளிர் மஞ்சள் என்றால் செரிகாட்டா பக்கம், கருமை என்றால் சீசர், இல்லஸ்ட்ரிஸ் பக்கம். அந்தக் கடைசி இரண்டையும் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பார்கள். ஒரு பெயர் மாறினால் என்ன என்று நினைக்கலாம். செரிகாட்டாதான் இங்கே செம்மறி ஆட்டின் தோலில் முட்டையிட்டு ஆட்டையே கொல்லும். மருத்துவமனையில் ஆறாத புண்ணைச் சுத்தம் செய்யக் கிருமி நீக்கி வளர்த்து வைப்பதும் அதன் புழுக்களையே.

---

பேரிக்காய்ப்பிரியன் · ஏப்ரல் 30, இரவு 8:02

ஈயின் அந்தரங்கம் வரை போக நான் தயாராக இல்லை. ஆனால் "பச்சை ஈ, குடும்பம் உறுதியில்லை" என்று எழுதுவதில் என்ன மகிழ்ச்சி? பெயரே இல்லாமல் பதிவு போட்டு என்ன பயன்?

---

மழைக்குருவி · ஏப்ரல் 30, இரவு 8:25

நான் சிறகுநரம்பு கட்சி. தப்பான இனப்பெயரோடு போகும் பதிவு வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பத்தாண்டு கழித்து எந்த ஈ எங்கே நகர்ந்தது என்று பார்ப்பவருக்கு அது பொய் சொல்லும். ஹோவர்ஃப்ளை பதிவுத் திட்டம் 1976 இலிருந்து நடக்கிறது. அதில் வருவதைத் தன்னார்வ நிபுணர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள், அவர்கள் நேரத்தையும் நினைக்க வேண்டும்.

கூடவே ஒரு மறுப்பும். சிறகுநரம்பு முள், தகடு என்று போகிறபோது அடுத்தது "பிடித்துக் கொன்று உருப்பெருக்கியில் வை" என்றுதான் வரும். எனக்கு அதில் மனம் வரவில்லை. படத்தோடு நிற்கிறேன், பேரினத்தோடு நிற்கிறேன்.

---

சிறகுநரம்பு · ஏப்ரல் 30, இரவு 9:10

நியாயம். நான் சில குடும்பங்களுக்கு மட்டும் மாதிரி எடுப்பேன், தோட்டத்து ஹோவர்ஃப்ளைக்கு அது தேவையே இல்லை. பலவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, அது மந்தமாக இருக்கும்போது காலையும் முகத்தையும் படம் எடுத்து விட்டுவிடலாம். சூடேறியதும் பறந்துவிடும். ஃபிரிட்ஜ் விஷயத்திலும் வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

---

லெஸ்டர்_அக்கா · மே 1, காலை 7:35

என் ஃபிரிட்ஜில் ஈயா! நல்ல கதை.

படம் 5 பாவம் தனியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போட்டபடி விட்டுவிட்டீர்களே.

---

சிறகுநரம்பு · மே 1, மாலை 6:30

பக்கத்து வீட்டுக்காரர் நிரபராதி. அது பூஞ்சை: எண்டமோஃப்தோரா மஸ்கே, அல்லது அதன் நெருங்கிய உறவு. ஈயின் உடலுக்குள் வளர்ந்து, சாகும் நேரத்தில் அதை உயரமான இடத்துக்கு ஏற வைக்கும். ஈ புல் நுனிக்குப் போய் வாய்ப்பகுதியால் ஒட்டிக்கொள்ளும், சிறகை மேலே விரிக்கும், செத்துவிடும். அப்புறம் வயிற்றுப் பட்டைகளுக்கு இடையே வெள்ளையாகப் பூஞ்சை வெளிவந்து விதைத்தூளைச் சுற்றிலும் எறியும். பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். உயரத்தில் இருந்தால் தூள் நிறையத் தூரம் போகும், சிறகு மேலே போய்விட்டால் வயிறு மறையாது. படத்தைப் பெரிதாக்கினால் வெள்ளைப் பட்டைகள் தெரியும்.

மஞ்சள் சாண ஈயும் சின்ன ஹோவர்ஃப்ளைகளும் வசந்தத்தில் இப்படி நிறையச் சாகும். உங்களுடையது மெலனோஸ்டோமா அல்லது பிளாட்டிகீரஸ் அளவில் இருக்கிறது. பூஞ்சை தின்ற உடம்பை வைத்து மேலே போக மாட்டேன். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, மகள் தொட்டாலும் கை கழுவினால் போதும். பூச்சிமருந்தால் செத்த ஈ தரையில் மல்லாந்து கிடக்கும், இப்படி ஏறி உட்காராது.

---

நீலக்கதவு · மே 9, மாலை 5:55

நன்றி அண்ணை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து இன்று சிரித்துவிட்டு வந்தேன்.

படம் 1 ஐ ஐரெக்கார்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் போட்டேன். பீ ஃப்ளைகளுக்கு என்றே 2016 இலிருந்து ஒரு கணக்கெடுப்பு நடப்பதாக மழைக்குருவி தனிச்செய்தியில் சொன்னா, அதிலேயே சேர்ந்துவிட்டது. பச்சை ஈ மறுபடி வரவில்லை.

இப்போது படம் 6. பம்பிள்பீ என்று நினைத்தேன், கண்ணைப் பார்த்தால் இலையான். டஃபோடில் வாடிக் கிடக்கும் பாத்தியில் தாழப் பறந்து, இலை மண்ணில் இறங்கும் இடத்தில் உட்காருகிறது. இந்த முறை காலையும் சிறகையும் சேர்த்தே எடுத்தேன்.

---

சிறகுநரம்பு · மே 9, இரவு 8:20

அருமையான படம், எல்லாம் இருக்கிறது. பின்னங்காலின் தொடையில் கீழ்ப்பக்கம் முக்கோணமாக ஒரு புடைப்பு. சிறகில் நரம்பு எரிஸ்டாலிஸில் பார்த்த அதே ஆழமான வளைவு. மெரோடான் இக்வெஸ்ட்ரிஸ், டஃபோடில் கிழங்கு ஈ. பம்பிள்பீயைப் போல வேஷம் போடும், அதிலும் ஒரே வேஷம் இல்லை. முழுக்க மஞ்சள், கறுப்பில் செம்பட்டை வால் என்று பல நிறங்களில் வரும். மயிர் நிறத்தை நம்பாமல் தொடையைப் பாருங்கள்.

1869 இல் தென் லண்டனின் டென்மார்க் ஹில்லில்தான் பிரிட்டனில் முதலில் பதிவானது. ஐரோப்பாவிலிருந்து வந்த கிழங்குகளோடு வந்திருக்க வேண்டும்.

---

லெஸ்டர்_அக்கா · மே 9, இரவு 8:44

ஆ, இதுவா! போன இலையுதிர்காலத்தில் கிழங்கு பிரித்து நடும்போது சில மெத்தென்று இருந்தன. வெட்டினால் உள்ளே ஒரே ஒரு கொழுத்த புழு. அந்தப் பாத்தியில் இந்த வருடம் பூவே இல்லை, புல் போல நாலு இலை மட்டும். தம்பி, அது முட்டையிடத்தான் உட்காருகிறது. தட்டிவிடு.

---

சிறகுநரம்பு · மே 9, இரவு 9:15

ஒரு கிழங்குக்கு ஒரு பெரிய புழு என்றால் மெரோடான். பல சின்னப் புழுக்கள் என்றால் யூமெரஸ், அது ஏற்கெனவே அழுகிய கிழங்குக்குத்தான் பெரும்பாலும் வரும்.

தட்ட வேண்டியதில்லை அக்கா. இலை வாடும்போது அடியில் ஏற்படும் துளை வழியாகவே புழு கிழங்குக்குப் போகிறது. அந்தத் துளையை மண் தள்ளி மூடி மிதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அருமையான ரகம் கொஞ்சம் இருந்தால் மே, ஜூன் மாதங்களில் அதன்மேல் மட்டும் மெல்லிய வலை போடலாம். நடும்போது ஒவ்வொரு கிழங்கையும் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்றால் நடாதீர்கள். நிழலான இடத்தில் நட்டால் தொல்லை குறையும், இந்த ஈக்கு வெயில் வேண்டும்.

வளர்ந்த ஈ பூக்களுக்கு வந்து மகரந்தம் சுமக்கிறது. நீலக்கதவு, பதிவு போட்டுவிடுங்கள், இந்தப் படத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

---

பேரிக்காய்ப்பிரியன் · மே 9, இரவு 9:31

ஆப்பில் போட்டேன். பம்பிள்பீ என்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

---

லெஸ்டர்_அக்கா · மே 9, இரவு 9:40

வலை வாங்கச் சனிக்கிழமை போகிறேன். போன வருடம் கிழங்குக்குள் கிடைத்த புழுக்களை என்ன செய்தேன் என்று யாரும் கேட்காதீர்கள். மண்வெட்டிப் பிடியில் ஒரு ராபின் குருவி வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.